பங்கு வராத கிண்ணம்: சீனாவின் கெட்டி சூப் சொல்லும் வரலாறு

இந்த எபிசோட் முழுக்க ஒரு சூப்பைப் பற்றித்தான் பேசப்போறேன். சூப்புக்கு ஒரு முழு எபிசோடான்னு நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. இதில் ரெண்டு கொலை மிரட்டல், ஒரு நிஜக் கொலை, ஒரு அகதிப் பாட்டி, ஒரு மாமியார் வீட்டுச் சண்டை ரேஞ்சுக்கு ஒரு அண்ணி சண்டை எல்லாம் இருக்கு.

நம்ம ஊர் சைனீஸ் ரெஸ்டாரன்டில் மெனு கார்டைத் திறந்தா முதல் பக்கத்திலேயே ஸ்வீட் கார்ன் சூப், ஹாட் அண்ட் சோர் சூப், மான்ச்சோ சூப். மான்ச்சோ இந்தியாவிலேயே பிறந்த பிள்ளை, அதை விட்டுடலாம். மற்ற ரெண்டையும் ஸ்பூனில் எடுத்துப் பாருங்க. ரசம் மாதிரி ஓடாது. சோளமாவு கரைச்சு ஊத்திக் கெட்டியாக்கியது. உள்ளே இருக்கிற முட்டை, கோழி, காளான் எதுவும் அடியில் போய் உட்காராமல் நடுவிலேயே நிற்கும். மெயின் கோர்ஸ் வரும்வரை போன் பார்த்துக்கிட்டே நாம குடிக்கிற இந்தக் கெட்டி சூப் குடும்பத்துக்குச் சீனத்தில் ஒரு பழைய பெயர் உண்டு. 'கெங்'.

அந்த எழுத்தைப் பிரிச்சுப் பார்த்தா, மேலே ஆட்டுக்குட்டி, கீழே 'அழகு, சுவை' என்று பொருள் தரும் எழுத்து. அந்த ரெண்டாவது எழுத்துக்குள்ளேயும் ஒரு ஆடு ஒளிஞ்சிருக்கு. ஆக, இந்தப் பெயர் வைத்தவர்களின் மனசில் என்ன கொதிச்சுக்கிட்டு இருந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனா 2,500 வருஷத்துக்கு முன்னால் கெங் ஸ்டார்ட்டர் கிடையாது. சாப்பாடே அதுதான். வேகவைத்த தினையோ அரிசியோ ஒரு பக்கம், அதுக்குத் தொட்டுக்கவும் விட்டுக்கவும் ஒரு பானைக் கெங் இன்னொரு பக்கம். நம்ம சோறும் குழம்பும் மாதிரின்னு வச்சுக்கோங்க. பழைய சடங்கு விதிகளைத் தொகுத்த 'லீ ஜி' என்ற நூல், சோறும் கெங்கும் சிற்றரசரிலிருந்து சாதாரணக் குடிமக்கள் வரை எல்லாருக்கும் பொது, இதில் ஏற்றத்தாழ்வு கிடையாது என்கிறது. எதை எடுத்தாலும் 'ராஜாவுக்கு இத்தனை, மந்திரிக்கு இத்தனை' என்று எண்ணி எண்ணி விதி போடுற ஒரு நூல் இப்படிச் சொல்வது பெரிய விஷயம்.

அதே நூலில் டேபிள் மேனர்ஸும் வருது. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. விருந்துக்குப் போன வீட்டில் சூப்பில் நீங்களா உப்போ மசாலாவோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால், வீட்டுக்காரர் 'எனக்குச் சமைக்கத் தெரியாது, மன்னிக்கணும்' என்று சொல்லியாக வேண்டும்! இன்னொரு விதி: சூப்பில் கீரை, காய் கிடந்தால் குச்சியால் எடுக்கணும், இல்லாவிட்டால் குச்சி வேண்டாம். அப்போ சோறு? கையால்தான். சாப்ஸ்டிக்ஸ் என்றாலே நமக்கு நூடுல்ஸும் சோறும் ஞாபகம் வரும். அந்தக் குச்சிக்கு அங்கே இருந்த முதல் வேலைகளில் ஒன்று, கொதிக்கிற சூப்பில் கிடக்கிற கீரையை மீன் பிடிக்கிற மாதிரி பிடிப்பது.

இந்தச் சூப் வருகிற இடங்களைப் பழைய சீன வரலாற்றுக் கதைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் படிச்சப்போ ஒரு விஷயம் திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது. ருசியைப் பற்றி அங்கே அதிகம் பேச்சு இல்லை. யாருக்குக் கிண்ணம் போச்சு, யாருக்குப் போகலை என்பதுதான் கதை. எல்லாருக்கும் பொது என்று நூல் சொன்ன ஒரு பொருள் ஒருத்தருக்கு மட்டும் வராமல் போனால் என்ன ஆகும்?

முதல் கதை கி.மு. 722. ஜெங் என்ற சின்ன நாட்டை ஆண்டவர் ஜுவாங் கோமகன். அவர் பிறந்தபோது பிரசவம் சிக்கலாக இருந்ததால் அம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. தம்பிதான் செல்லம். தம்பி கலகம் செய்யக் கிளம்பியபோது கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட அம்மா தயாராக இருந்தார். கலகம் தோற்றது. கோமகன் அம்மாவை வேறொரு ஊருக்கு அனுப்பிவிட்டு, 'பாதாளத்துக்குப் போகும்வரை உன் முகத்தில் முழிக்க மாட்டேன்' என்று சபதம் போட்டார். பிறகு வருத்தப்பட்டார். ஆனால் ராஜா வாக்கு, மாத்த முடியாதே.

அந்த நேரத்தில் இங் காவ்ஷு என்ற எல்லைப்புற அதிகாரி அரண்மனைக்கு வந்தார். சாப்பாடு போட்டார்கள். அவர் கறியை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, 'எங்க அம்மா நான் சமைச்சுப் போட்டது எல்லாம் சாப்பிட்டிருக்காங்க. அரசர் வீட்டுக் கெங்கை மட்டும் ருசி பார்த்ததில்லை. அவங்களுக்கு எடுத்துட்டுப் போகலாமா?' என்றார். கோமகன் உடைந்துபோனார். 'உனக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு அம்மா இருக்கா, எனக்கு இல்லையே!' இதைத்தான் எதிர்பார்த்து வந்த மாதிரி அந்த அதிகாரி ஒரு வழி சொன்னார். ஊற்றுத் தண்ணீர் தெரியும்வரை பூமியைத் தோண்டுங்கள், சுரங்கத்துக்குள் சந்தியுங்கள், அதுவும் பாதாளம்தானே. அப்படியே தோண்டினார்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தார்கள்.

அதே ஜெங் நாடு, 117 வருஷம் கழித்து. கி.மு. 605. இந்த முறை சூப் வேற மாதிரி வேலை செய்தது. லிங் கோமகனுக்குத் தெற்கே சூ நாட்டிலிருந்து ஒரு பெரிய ஆமை பரிசாக வந்தது. ஸிகோங், ஸிஜியா என்று அரச குடும்பத்து ஆட்கள் ரெண்டு பேர் அரண்மனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று ஸிகோங்கின் ஆள்காட்டி விரல் தானாகத் துடித்தது. 'இது துடிச்சா அன்னைக்கு எனக்கு அபூர்வமான சாப்பாடு நிச்சயம்' என்று காட்டினார். உள்ளே போனால் சமையல்காரர் ஆமையை வெட்டத் தயாராக நிற்கிறார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கோமகன் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பரிமாறும்போது ஸிகோங்கையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆனால் அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. சும்மா விளையாட்டுக்கு, அந்த விரலின் ஜோசியத்தைப் பொய்யாக்க.

ஸிகோங் எழுந்தார். நேரே பெரிய வெண்கலப் பாத்திரத்துக்குள் விரலை விட்டார். நக்கினார். வெளியே நடந்துவிட்டார். கோமகனுக்கு ஆத்திரம், இவனைக் கொல்லணும். ஸிகோங்கும் சும்மா இருப்பாரா? முந்திக்கொள்வோம் என்று ஸிஜியாவைக் கூட்டு சேர்த்தார். 'கிழட்டு மாட்டைக் கொல்லவே மனசு வராது, அரசனையா?' என்று ஸிஜியா தயங்கினார். 'அப்போ உன்னைப் பற்றி அரசரிடம் போட்டுக்கொடுப்பேன்' என்று மிரட்டினார் ஸிகோங். அந்தக் கோடையிலேயே கோமகன் கொல்லப்பட்டார்.

நம்ம கல்யாணப் பந்தியில் ஒரு இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனால் இருபது வருஷம் கழிச்சும் அந்தச் சித்தப்பா அதைச் சொல்லிக்காட்டுவார் இல்லையா? அதே வலிதான். கையில் கத்தியும் படையும் இருந்த சித்தப்பா, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து சீன மொழிக்கு ரெண்டு மரபுத்தொடர் கிடைத்தது. நல்ல சாப்பாட்டைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறினால் 'ஆள்காட்டி விரல் துடிக்குது' என்பார்கள். தனக்கு உரிமை இல்லாத ஒன்றில் கை வைத்தால் 'விரலை நனைச்சுட்டான்' என்பார்கள். இன்றைக்கும் செய்தித்தாளில் வருகிற சொற்கள் இவை.

மூன்றாவது கதை ஜோங்ஷான் என்ற குட்டி ராஜ்யத்தில் நடக்கிறது. அரசர் அதிகாரிகளுக்கு ஆட்டுக்கறிக் கெங் விருந்து வைத்தார். சிமா ஸிச்சி என்பவர் வரை அது வந்து சேரவில்லை. கோபித்துக்கொண்டு சூ நாட்டுக்கு ஓடி, அந்த ராஜாவைத் தூண்டிவிட்டு ஜோங்ஷான் மேல் படையெடுக்க வைத்தார். அரசர் உயிர் தப்பி ஓடும்போது ஈட்டியோடு ரெண்டு பேர் மட்டும் பின்னாலேயே வந்தார்கள். யார் என்று கேட்டால், எங்கள் அப்பா பசியில் சாகக் கிடந்தபோது நீங்கள் ஒரு பானை சோறு கொடுத்தீர்கள், அதற்காக வந்தோம் என்றார்கள். ஒரு கிண்ணம் சூப்பால் நாடு போச்சு, ஒரு பானை சோற்றால் ரெண்டு வீரர்கள் கிடைத்தார்கள் என்று அரசர் பெருமூச்சு விட்டாராம்.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்காதீங்க. ஜோங்ஷான் வடக்கே இன்றைய ஹபெய் மாகாணத்தில் இருந்தது, சூ நாடோ ரொம்பத் தெற்கே. ஜோங்ஷானை கி.மு. 296-இல் விழுங்கியது பக்கத்து நாடான ஜாவ். ஆனால் அரசியல் ஆலோசகர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகளில், ஒரு நாடு அழிய இது போதுமான காரணம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம்.

இனி, பானைக்கு உள்ளே போவோம். கி.மு. 522. இன்றைய ஷான்டோங் பகுதியை ஆண்ட ஜிங் கோமகன் வேட்டை முடிந்து திரும்பியிருந்தார். அவருக்குப் பிடித்த அமைச்சர் ஒருவர் தேரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கோமகன் பூரித்துப்போய், 'இவன் ஒருத்தன்தான் என்னோடு இசைந்து போகிறவன்' என்றார். பக்கத்தில் இருந்தவர் யென் யிங், அந்நாட்டின் பழுத்த அமைச்சர். 'அவர் உங்களோடு ஒத்து ஊதுகிறார். அதற்குப் பெயர் இசைவு இல்லை' என்றார். ரெண்டும் ஒன்றுதானே என்றார் கோமகன்.

யென் யிங் சொன்ன பதில் ஒரு சமையல் குறிப்பு. கெங் எப்படிச் செய்கிறோம்? தண்ணீர், தீ, வினிகர், கறி ஊறல், உப்பு, புளிப்புப் பிளம், இவற்றோடு மீனும் கறியும். ஒன்றுக்கொன்று எதிரானவை. சமையல்காரர் குறைந்ததைக் கூட்டி, மிஞ்சியதைக் குறைத்து ஒன்றுசேர்க்கிறார். அரசரும் அமைச்சரும் அப்படித்தான். அரசர் சரி என்பதில் எங்கே தவறு என்று அமைச்சர் சொல்ல வேண்டும், அரசர் வேண்டாம் என்பதில் எது நல்லது என்று காட்ட வேண்டும். உங்கள் அன்பரோ நீங்கள் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை என்கிறார். தண்ணீருக்குச் சுவையூட்டத் தண்ணீரையே ஊற்றினால் அதை யார் குடிப்பார்?

அரசியல் தத்துவத்தைச் சமையலறையில் வைத்துப் பேசிய இந்த இடம், பழைய சீனச் சிந்தனையிலேயே மிகக் கூர்மையான இடங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். இதில் யென் யிங் பயன்படுத்திய 'இசைவு' என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கு. 2000-களில் ஹூ ஜின்டாவ் ஆட்சியில் 'இசைவான சமுதாயம்' என்பதுதான் அரசின் கோஷம். சீன இணையத்தில் பதிவுகள் திடீர் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தபோது, இளைஞர்கள் அதே சொல்லை எடுத்து 'என் பதிவை இசைவாக்கிட்டாங்க' என்று கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலும் தணிக்கைக்குள் மாட்டியதும், கிட்டத்தட்ட அதே உச்சரிப்புள்ள 'ஆற்று நண்டு' என்ற சொல்லுக்குத் தாவினார்கள். யென் யிங்குக்கு அந்த ஜோக் உடனே புரிந்திருக்கும்.

அடுத்து வருகிறவர் லியூ பாங். விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஹான் பேரரசை நிறுவியவர். கி.மு. 203-இல் அவரும் அவர் எதிரி ஷியாங் யூவும் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் படையோடு நிற்கிறார்கள். லியூ பாங்கின் அப்பா எதிரியின் கையில் கைதி. ஷியாங் யூ அந்தக் கிழவரை உயரமான மேடையில் கிடத்தி, 'சரணடை, இல்லாட்டி உங்கப்பனை வேகவைப்பேன்' என்று கத்தினார். லியூ பாங்கின் பதில்: நாம் ரெண்டு பேரும் ஒரு காலத்தில் சகோதரர்கள் என்று உறுதி எடுத்தவர்கள். அப்படியானால் என் அப்பா உனக்கும் அப்பா. உன் அப்பாவை வேகவைக்கத்தான் போகிறாய் என்றால், எனக்கும் ஒரு கிண்ணம் கெங் கொடுத்து அனுப்பு.

ஷியாங் யூ கொதித்துப்போனார், ஆனால் அவர் தரப்பு உறவினர் ஒருவரே தடுத்துவிட்டதால் கிழவர் பிழைத்தார். வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதி வைத்த இந்தக் காட்சியிலிருந்து வந்ததுதான் 'ஒரு கிண்ணம் கெங்கில் பங்கு' என்ற தொடர். இன்றைக்குச் சீன பிசினஸ் பக்கங்களில், எலெக்ட்ரிக் கார் சந்தையில் புது கம்பெனி நுழைந்தால் 'ஒரு கிண்ணம் கெங் பங்கு கேட்டு வந்திருக்கிறது' என்று எழுதுவார்கள். அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நல்லதுதான்.

அப்பாவுக்காகக் கூட அசையாத அந்த மனிதர், ஒரு பானை சூப்பை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. இளவயதில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிய காலத்தில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பெரிய அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அண்ணிக்கு அலுத்துப்போச்சு. ஒரு நாள் இவர்கள் வருவதைப் பார்த்து, பானையின் அடியைக் கரண்டியால் கரகரவென்று சுரண்டிச் சத்தம் எழுப்பினார், கெங் தீர்ந்துவிட்டது என்று காட்ட. நண்பர்கள் போய்விட்டார்கள். லியூ பாங் எட்டிப் பார்த்தால் பானையில் சூப் இருக்கிறது. பல வருஷம் கழித்து பேரரசர் ஆனதும் உறவினர் எல்லாருக்கும் பட்டம் கொடுத்தார், அந்த அண்ணியின் மகனுக்கு மட்டும் இல்லை. அப்பா வந்து பேசினார். சரி என்று ஒரு பட்டம் கொடுத்தார். பட்டத்தின் பெயரிலேயே கெங்கும் சுரண்டலும்! 'சூப் சுரண்டிப் பிரபு' என்று வச்சுக்கலாம். அரசாங்க ஆவணத்தில் பதிவாகி, 2,200 வருஷமா அப்படியே நிற்குது.

அண்ணி பக்கம் நான் கொஞ்சம் பேசணும். தினம் தினம் ஒரு கும்பலுக்குச் சமைத்துப் போட்டது அவர். அவர் தரப்பை எழுத அங்கே ஒரு சிமா சியென் இல்லை.

இந்தச் சூப்பில் உண்மையில் என்ன போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கல்லறைக்குள் போகணும். 1972-இல் சாங்ஷா நகரத்துப் பக்கம் மாவாங்துய் என்ற இடத்தில் ஹான் காலத்துப் பிரபுவின் மனைவி ஷின் ஜுய்யின் கல்லறையைத் திறந்தார்கள். உடல் 2,100 வருஷம் கழித்தும் தோல் மென்மையோடு இருந்தது. கூடவே வைத்த பொருட்களுக்கு 312 மூங்கில் பட்டைகளில் பட்டியல். அதில் மட்டும் 24 பானை கெங். மாட்டுக்கறி, ஆடு, மான், பன்றி, நாய், காட்டு வாத்து. மானும் சேப்பங்கிழங்கும் சேர்த்தது. தாமரைத் தண்டும் கெண்டை மீனும் சேர்த்தது. கசப்புக் கீரை போட்டது, டர்னிப் போட்டது. ஒரு அரக்குப் பாத்திரத்தைத் திறந்தபோது தண்ணீரில் தாமரைத் தண்டு வில்லைகள் துளையோடு மிதந்துகொண்டிருந்தன. நகர்த்தியதும் கரைந்து மறைந்துவிட்டன. அதைப் பார்த்தவர்கள் ஒரு சிலர்தான்.

ஏழை வீட்டுக் கெங் வேறு. அவரை இலை, காட்டுக் கீரை, தண்ணீர். சோளமாவு எல்லாம் கிடையாது. அந்தக் காலத்தில் கெட்டியாக்க ஒரு பிடி அரிசிக் குருணை போடுவார்கள், நாம கஞ்சி காய்ச்சுகிற மாதிரி. கன்பூசியஸும் சீடர்களும் ஒரு பயணத்தில் ஏழு நாள் உணவின்றி மாட்டிக்கொண்ட கதையைப் பழைய நூல்கள் சொல்லும்போது, அவர்கள் குடித்த கீரைக் கெங்கில் ஒரு அரிசிக் குருணை கூட இல்லை என்று சொல்லும். வறுமையைக் காட்ட அந்த ஒரு விவரம் போதும். 11-ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஜோவுக்கு நாடு கடத்தப்பட்ட கவிஞர் ஸூ டோங்போ, முட்டைக்கோஸ் வகைக் கீரையும் முள்ளங்கியும் அரிசியும் இஞ்சியும் போட்டு ஒரு கெங் செய்து, தன் பெயரையே அதற்கு வைத்தார். பதவி போனாலும் பிராண்டிங் போகலை.

பின்னாளில் குருணையின் இடத்தை ஸ்டார்ச் பிடித்தது. பாசிப்பயறு மாவு, பிறகு 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துச் சர்க்கரைவள்ளியும் மக்காச்சோளமும் வந்த பின் அவற்றின் மாவு. குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதியில் ஊற்றினால் மாவின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும். சூடும் சீக்கிரம் போகாது. அதனால்தான் வாய் வெந்துபோகும். கெங்கில் சுட்டுக்கொண்டவன் ஊறுகாயையும் ஊதித் தின்பான் என்று ஒரு சீனச் சொலவடை உண்டு. நம்ம சூடு கண்ட பூனைக்கு அண்ணன். இன்னொண்ணு கவனிச்சிருப்பீங்க: மெதுவாகக் குடித்தால் கடைசியில் சூப் நீர்த்துப்போகும். கடைக்காரர் ஏமாத்தலை. உங்கள் ஸ்பூனில் திரும்பத் திரும்பப் போகிற எச்சிலில் அமைலேஸ் என்சைம் இருக்கு, அது ஸ்டார்ச்சை உடைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போ அந்த அகதிப் பாட்டி. 1127-இல் சோங் பேரரசின் தலைநகர் காய்ஃபெங், வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படையிடம் விழுந்தது. பேரரசரும் அவர் அப்பாவும் கைதானார்கள். தப்பிய இளவரசர் காவ்சோங் தெற்கே ஓடி, கடைசியில் ஹாங்ஜோவைத் தலைநகர் ஆக்கினார். அவர் பின்னால் அதிகாரிகள் மட்டும் போகவில்லை. சமையல்காரர்கள், டீக்கடைக்காரர்கள், தெரு வியாபாரிகள் எல்லாரும் போனார்கள். ஊரை விட்டவர்கள் கையில் எதைக் கொண்டு போக முடியும்? கைப்பக்குவம் ஒன்றுதான் கனமில்லாதது.

52 வருஷம் கழிச்சு, 1179 வசந்தம். பட்டத்தை எப்போதோ துறந்துவிட்ட வயதான காவ்சோங் மேற்கு ஏரியில் படகில் போகிறார். கரையில் மீன் கெங் விற்கிற ஒரு பெண், தன்னைக் காய்ஃபெங்காரி என்றும், அரசரின் வண்டியைத் தொடர்ந்து இங்கே வந்ததாகவும் சொன்னார். பெயர் சோங் ஊ-ஸாவ். அது பெயர்கூட இல்லை. 'சோங் வீட்டு ஐந்தாவது அண்ணி' என்று அர்த்தம். நம்ம கதையில் இவர் ரெண்டாவது அண்ணி. காவ்சோங் கூப்பிட்டு வரச் சொல்லி, சூப்பைச் சாப்பிட்டுப் பார்த்தார். அவர் வயதை நினைத்து 10 பொற்காசு, 100 வெள்ளிக்காசு, 10 சுருள் பட்டு கொடுத்தார். விஷயம் பரவி, ஊர்ப் பணக்காரர்கள் எல்லாம் அந்தச் சூப்புக்கு வரிசை கட்டினார்கள். ஜோ மி என்பவர் ஹாங்ஜோ நினைவுகளை எழுதும்போது இதைப் பதிவு செய்தார். அவர் எழுதியபோது அந்த ஹாங்ஜோவும் மங்கோலியர் கையில் விழுந்திருந்தது.

இந்தக் காட்சியில் அரசரின் தாராளம் எனக்குப் பெரிசாத் தெரியலை. அவர் காய்ஃபெங்கை மீட்கப் போராடியவர் அல்ல. போராடிய தளபதி யூ ஃபெய்யைச் சிறையில் சாகவிட்டுச் சமாதானம் வாங்கியவர். அந்த ஊரின் ருசி ஒரு கிண்ணத்தில் எதிரே வந்து நிற்கும்போது அவர் என்ன நினைத்திருப்பார்? அண்ணியின் சூப்பில் பங்கு கேட்டு நின்றது அன்றைக்கு அரசர்.

அவர் செய்முறையை ஜோ மி எழுதவில்லை. இன்று ஹாங்ஜோவில், 1848-இல் தொடங்கிய லோ வாய் லோ போன்ற பழைய உணவகங்களில், அவர் பெயரில் கிடைக்கிற கெங் இப்படி இருக்கும்: மீனை இஞ்சி, வெங்காயத்தாளோடு ஆவியில் வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, மூங்கில் குருத்து, காளான், உப்பிட்ட பன்றித்தொடைக்கறி மூன்றையும் நூலாக நறுக்கிப் போட்டு, மாவு கரைத்து, முட்டை மஞ்சளை நூலாக ஊற்றி, கடைசியில் வினிகர். நண்டுக்குச் சவால் விடும் கெங் என்று இன்னொரு பெயர்.

அவர் விட்டுவந்த காய்ஃபெங் இருக்கிற ஹனான் மாகாணத்தில் இன்றைக்குக் காலை டிபனே ஒரு கெட்டி சூப்தான். ஹூலாதாங். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால் பசை உருண்டை தனியாகவும் மாவுத் தண்ணீர் தனியாகவும் பிரியும். பசையைக் கிழித்து உள்ளே போடுவார்கள், மாவுத் தண்ணீரையே ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். எதுவும் வீணில்லை. காரம் மிளகாயால் வருவதில்லை, மிளகால். மிளகுக்குச் சீனப் பெயரே 'அந்நியர் நாட்டு மிளகு'தான். ஹாங்ஜோவுக்கு ஒரு நாளைக்கு 43 சுமை மிளகு வருவதாக மார்கோ போலோ எழுதியிருக்கார், மிளகு விளையும் மலபாரையும் அவர் எழுதியிருக்கார். அந்தக் கடல் வழியில் இருந்த சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு, நம்ம வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியதற்குச் சாட்சி. அதைத் தனி எபிசோடாவே பண்ணலாம்.

கடல் தாண்டி ஜப்பானுக்குப் போன கெங் அடையாளமே தெரியாமல் மாறியது. ஜென் துறவிகள் கொண்டுபோன ஆட்டுக்கறிக் கெங். துறவிகள் கறி தொடக் கூடாதே! அதனால் சிவப்புப் பயறில் அதன் போலியைச் செய்தார்கள். அது மெல்ல இனிப்பாகி, பிறகு கடல்பாசி சேர்த்து உறைந்து, இன்று டீயோடு தின்கிற 'யோகான்' என்ற பயறு அல்வா ஆகிவிட்டது. டப்பா மேலே இன்னும் 'ஆட்டுக்கறி சூப்' என்ற எழுத்துதான். சைவப் பண்டத்துக்கு இதைவிட வில்லங்கமான பெயர் நான் பார்த்ததில்லை.

கடைசியா ஹாங்காங். பணக்காரக் கல்யாண விருந்துகளில் சுறாத் துடுப்பு சூப் என்றால் கௌரவம், அதுவும் கெட்டி சூப் குடும்பம்தான். துடுப்புக்குத் தனி ருசி கிடையாது, நூல் நூலாக வழுக்கும், அவ்வளவுதான். விலை மட்டும் எட்டாது. சுறாக்களுக்கு அது என்ன செய்தது என்பது வேறு சோகம். தெரு வண்டிக்காரர்கள் துடுப்புக்குப் பதில் பாசிப்பயறு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸைப் போட்டு, காளான், கறித் துணுக்கு, முட்டை, சோயா சாஸ் சேர்த்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கிச் சின்னக் கிண்ணத்தில் விற்றார்கள். கான்டனீஸில் பெயர் 'வுன் சாய் ச்சீ', சின்னக் கிண்ணத் துடுப்பு. துடுப்பு ஒரு துளி கூடக் கிடையாது, வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். மேலே சிவப்பு வினிகர் ரெண்டு சொட்டு, வெள்ளை மிளகுத்தூள். நின்றுகொண்டே குடிப்பாங்க. வினிகரை நீங்களே ஊத்திக்கலாம், கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார்.

அடுத்த வாரம் வேறொரு கதையோடு வர்றேன்.